பட்டைக் கிடங்கின் பின்வாசல்

இதைச் சொல்லத் தொடங்கும்போதே உங்கள் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும். என்னிடம் யாராவது இப்படி ஒன்றைச் சொல்ல வந்திருந்தால் நானும் அதே முகத்தைத்தான் வைத்துக்கொண்டிருப்பேன். மரியாதைக்காகக் கேட்பேன், நடுவில் ஏதாவது குறுக்குக் கேள்வி போட்டுச் சொல்பவரைத் தடுமாற வைப்பேன், கடைசியில் 'அன்றைக்குச் சரியாகத் தூங்கினீர்களா?' என்று விசாரித்துவிட்டு எழுந்து போவேன். நான் விலங்கியலில் பட்டம் பெற்றவன். குறி சொல்வதும் மந்திரிப்பதும் ஏமாற்று என்று கல்லூரி விடுமுறைகளில் ஊர் ஊராகப் போய்க் கூட்டம் போட்டுப் பேசியவர்களில் ஒருவன். பாம்பு கடித்தால் மந்திரவாதியிடம் ஓடாதீர்கள், ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள் என்று அன்று சொன்னதில் ஒரு சொல்லைக்கூட இன்றுவரை நான் திரும்பப் பெறவில்லை. அப்படிப்பட்டவன் ஏன் இதைச் சொல்கிறான் என்று கேட்டால், நடந்தது, அதனால் சொல்கிறேன் என்பதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை. அன்று நான் சரியாகத் தூங்கியிருக்கவில்லை என்பதையும் இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்துப் பின்னால் என்னை மடக்க வேண்டாம்.

அறுபதுகளின் தொடக்கம். திண்டுக்கல்லில் ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையில் எனக்கு வேலை. உரிமையாளர் மீரான் ராவுத்தர், தொழிலாளர் நலனைக் கவனிக்கப் படித்த பிள்ளை ஒருவன் வேண்டும் என்று யாரிடமோ சொல்லி, நான் போய்ச் சேர்ந்தேன். குடிக்க நல்ல தண்ணீர், பெண்களின் கைக்குழந்தைகள் படுக்க ஒரு கொட்டகை, வாரம் ஒருமுறை வந்து பார்க்கிற வைத்தியர் என்று மனதில் எத்தனையோ திட்டங்கள் வைத்திருந்தேன். தண்ணீர் வந்தது, கொட்டகை பாதியில் நின்றது, வைத்தியர் வரவே இல்லை. மற்ற நேரமெல்லாம் முதலாளி பக்கத்துக் குறையைத் தொழிலாளரிடமும் தொழிலாளர் பக்கத்துக் குறையை முதலாளியிடமும் சுமந்துகொண்டு போய், இரண்டு பக்கமும் நம்பாத மனிதனாகச் சாயங்காலம் வீடு திரும்புவேன். சுண்ணாம்பும் பச்சைத் தோலும் கலந்த அந்த வாடை சட்டையில் இருக்கும், சோற்றில் இருக்கும், தலையணையில் இருக்கும். கொஞ்ச நாளில் மூக்கு அதை மறந்துவிடும், உடம்பு மறக்காது.

இந்தக் களைப்புகளோடு பாம்பு பார்க்கிற வேலையும் என் தலையில் விழுந்தது. தோல் பதனிட ஆவாரம் பட்டை வேண்டும். குஜிலியம்பாறைப் பக்கத்து வறண்ட காடுகளில் வெட்டி உரித்த பட்டை கட்டுக் கட்டாக மாட்டு வண்டியில் வந்து இறங்கும், அதை ஒரு நீண்ட கிடங்கில் கூரை எட்டும்வரை அடுக்கி வைப்போம். காய்ந்த பட்டை சட்டென்று தீப்பிடிக்கும் என்பதால் உள்ளே விளக்கு வைப்பதில்லை. முன்வாசல் வெளிச்சம் பாதி தூரம் போகும், பின்சுவரில் இருந்த சிறிய கதவு வழியே மிச்சம் கொஞ்சம் வரும், நடுவில் பகலிலும் இருட்டுத்தான். பட்டைக் கட்டோடு பல்லியும் ஓணானும் எலியும் வந்துவிடும். அவற்றைத் தேடிப் பாம்பு வரும், மழைக்காலம் என்றால் கேட்கவே வேண்டாம்.

கண்டதையெல்லாம் அடித்துக் கொன்றுகொண்டிருந்தார்கள். நான்தான் விலங்கியல் படித்த வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டாமல், அடிக்காதீர்கள், என்னைக் கூப்பிடுங்கள், விஷம் உள்ளதா இல்லாததா என்று பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அன்றிலிருந்து நான் பாம்பு சார். தோலில் ஒட்டிய கொழுப்பைச் செதுக்குகிற அழகர் என்பவர், எதையும் கேலி பேசாமல் விடமாட்டார், எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"ஏன் சார், பாம்பு கடிக்க வந்தா, 'செத்த நேரம் பொறப்பா, எங்க சாரு வந்து ஒன் முதுகப் பாத்துச் சர்ட்டிபிகேட் குடுப்பாரு, பெறகு கடி'ன்னு சொல்லணுமாக்கும்?"

சிரிப்பு அடங்கிய பிறகு கூப்பிடத்தான் செய்தார்கள். ஆனால் பாம்புக்குப் பெயர் சொல்வது நான் நினைத்தது போல விலங்கியல் அல்ல, அது ஒரு நிர்வாகப் பொறுப்பு என்பது சீக்கிரமே புரிந்தது. செத்துக் கிடப்பது நல்ல பாம்பு என்று சொன்னால் பால் தெளித்து, மஞ்சள் துணி சுற்றி, முறையாக எரித்துவிட்டு வரும்வரை பாதிப் பேர் வேலையைத் தொடமாட்டார்கள். சாரை என்றால் அதன் தோலுக்கு இரண்டு பேர் சண்டை போடுவார்கள், தோல் தொழிலில் இருப்பவர்கள் அல்லவா. விரியன் என்று சொல்லிவிட்டால் பட்டை சுமக்கும் பெண்கள் கிடங்குக்குள் கால் வைக்க மாட்டார்கள், வேலை நிற்கும், அன்றைய கூலி போகும், அந்த வீட்டில் அன்று உலை கொதிப்பது என் வாயில் வந்த ஒரு பெயரைப் பொறுத்ததாகிவிடும். அதனால் எத்தனை களைப்பாக இருந்தாலும் அவசரமாக ஒரு பெயரைச் சொல்ல மாட்டேன்.

அதிலும் பெரிய தொல்லை கட்டுவிரியன். கரிய பளபளப்பான உடம்பில் வெள்ளை வளையங்கள் இருக்கும், கடித்தால் வலிக்காது, வீங்காது, ஆள் தூங்கப் போவதுபோல இருந்து அப்படியே மூச்சு நின்றுவிடும். இதே வேஷத்தைப் போட்டுக்கொண்டு, சுவரில் ஏறிப் பல்லி பிடித்துத் தின்னும் இன்னொரு பாம்பு இருக்கிறது, அதற்கு விஷமே கிடையாது. எங்கள் ஆட்களுக்கு இரண்டும் விரியன்தான். விஷமில்லாததற்கு நானாகவே 'சுவர்ப் பாம்பு' என்று ஒரு பெயர் வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். சுவர்ப் பாம்புக்கு வளையம் கழுத்திலேயே அகலமாகத் தொடங்கி, வால் பக்கம் போகப் போக மங்கிவிடும். கட்டுவிரியனுக்குத் தலையிலிருந்து சற்றுத் தள்ளித்தான் வளையம் தொடங்கும், வால் பக்கம் இன்னும் தெளிவாகத் தெரியும், நடுமுதுகு நெடுக ஒரு வரிசைச் செதில்கள் மட்டும் மற்றவற்றைவிடப் பெரிதாக, ஆறு பக்கம் கொண்டவையாக இருக்கும். எத்தனை முறை சொல்லியும் யாரும் காதில் வாங்கவில்லை. அதில் அவர்கள் தவறு ஒன்றும் இல்லை, பாம்பின் முதுகைக் கூர்ந்து பார்க்க யாருக்குப் பொறுமை இருக்கும்?

இன்னொரு வழக்கத்தையும் சொன்னால்தான் பின்னால் வருவது விளங்கும். பட்டை சுமக்கும் பெண்கள் தலைக்குச் சும்மாடு வைத்துக்கொள்வார்கள், பழைய சேலைத் துணியை முறுக்கி வளையமாகச் சுற்றியது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கிடங்கின் பின்பக்கம், பட்டைச் சிராய் மெத்தென்று கிடக்கும் இடத்தில், அவரவர் சும்மாட்டைத் தலைக்கு வைத்துச் சற்றே கண்ணயர்வார்கள். ஒருத்தியின் சும்மாட்டை இன்னொருத்தி தொடமாட்டாள். ஆண்கள் அதைக் காலால்கூட நகர்த்தமாட்டார்கள். கூடப் பிறந்தவர்கள் மட்டும் எடுக்கலாம். புதிதாக வந்த நாட்களில் வழியில் கிடந்த ஒரு சும்மாட்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டேன். அதற்கு உரியவள் வீராயி, சித்தையன்கோட்டைப் பக்கத்திலிருந்து தங்கை செல்லம்மாவோடு வேலைக்கு வந்துபோகிறவள், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என் முன்னால் நின்றாள்.

"என்ன சார், எஞ் சும்மாட்டத் தொட்டுட்டீக? இனி என் தலைப் பாரம் ஒங்க தலைக்குல்ல வந்துரும்!"

"வந்தால் வரட்டும், உனக்குக் கொஞ்சம் குறையுமே" என்றேன்.

"நீங்க தாங்கமாட்டீக சார்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அதற்குப் பிறகு குடிதண்ணீர், கொட்டகை என்று எதற்கும் முதலில் வந்து என்னிடம் பேசுகிறவள் அவள்தான்.

அந்த நாள் ஐப்பசி மாதத்து அடைமழை நாள். முந்தின இரவெல்லாம் சுண்ணாம்புத் தொட்டிகளுக்குள் மழைத்தண்ணீர் புகாமல் ஆட்களோடு சேர்ந்து மண் அணைத்துக்கொண்டிருந்தேன். பகலிலும் வானம் வெளுக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கிடங்கின் உள்ளிருந்து கூச்சல் கேட்டது. ஓடிப் போனபோது சுவரோரம் ஓடிய ஒரு பாம்பை அழகர் கம்பால் அடித்து முன்வாசலுக்கு இழுத்து வந்திருந்தார். வீராயி இடது கை விரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். படுத்திருந்தபோது ஏதோ சுருக்கென்றதாம்.

"எறும்பு கடிச்சாப்லதான் சார் இருந்துச்சு. இவளுகதான் விரியன் விரியன்னு கத்துறாளுக. எனக்கு ஒண்ணும் செய்யல" என்றாள்.

செய்யவில்லை என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மேஸ்திரி சவரிமுத்துவையும் செல்லம்மாவையும் துணைக்கு ஏற்றி, ஜட்கா வண்டியில் அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டுப் பாம்பைச் சாக்கில் கிடத்திப் பார்க்க உட்கார்ந்தேன். அதற்குள் ஆட்கள் அவள் படுத்திருந்த இடத்தைக் கிளறிப் பார்த்துவிட்டு, வேறு ஒன்றும் இல்லை என்று சொல்லியிருந்தார்கள்.

நான் அதைத் திரும்பத் திரும்பப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சவரிமுத்து யாருடைய சைக்கிளையோ வாங்கி மிதித்துக்கொண்டு நனைந்தபடி திரும்பி வந்தார்.

"சார், டாக்டரு கேட்டு வரச் சொன்னாரு. கடிச்சது என்னன்னு திட்டமாத் தெரியணுமாம். ஊசி மருந்து ஒண்ணே ஒண்ணுதான் இருக்காம். அதுவும் குதிரை ரத்தத்துல எடுத்ததாம்ல, சில ஒடம்புக்குச் சேராதாம், வெசம் இல்லாம போட்டு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிறக்கூடாதுங்காரு. கடிவாயில வீக்கமும் இல்ல, வலியும் இல்ல. ஒங்க சாரு பாத்துச் சொல்லட்டும், அதும்படி செய்றேன்னுட்டாரு."

"வீராயி எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் பேசுது சார். பெஞ்சுல ஒக்காந்திருக்கு. தூக்கமா வருதுன்னு மட்டும் சொல்லுச்சு."

ராவுத்தர் குடையோடு வந்து நின்றார். "தம்பி, மதுரைக்குக் கொண்டுபோகணும்னா காரு தயாரா நிக்கிது. ஆளு முக்கியம். நீங்க வாயத் தொறந்து ஒண்ணு சொல்லுங்க."

சாக்கில் கிடந்ததை மறுபடியும் பார்த்தேன். வளையம் கழுத்திலேயே அகலமாகத் தொடங்கியது. வால் பக்கம் மங்கிப் போயிருந்தது. நடுமுதுகுச் செதில்களும் மற்றவையும் ஒரே அளவு. எனக்குச் சந்தேகமே இல்லை. சுவர்ப் பாம்பு, விஷமில்லை. சொன்னேன்.

"வெசமில்லாத பாம்புக்கு எதுக்கு சார் இம்புட்டு வளையல்?" என்றார் அழகர். யாரும் சிரிக்கவில்லை.

சவரிமுத்து சைக்கிளைத் திருப்பினார். அப்போது என்னை ஏதோ தடுத்தது. அதை முன்னறிவிப்பு என்றெல்லாம் எடுத்துக்கொள்ளாதீர்கள், அது என் சுபாவம். விஷம் இருக்கிறது என்று தவறாகச் சொன்னால் ஒரு ஊசி வீணாகும், உடம்புக்குச் சேராமல் போகவும் இடமுண்டு. விஷமில்லை என்று தவறாகச் சொன்னால் அதைத் திருத்த வழியே கிடையாது. பாம்பு எது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லைதான், ஆனாலும் அவள் படுத்திருந்த இடத்தை நான் என் கண்ணால் பார்க்கவில்லையே என்று தோன்றியது. "செத்த நேரம் நில்லுங்க, உள்ளே ஒரு தடவை பார்த்துட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுக் கிடங்குக்குள் போனேன்.

உள்ளே மழைச்சத்தம் கூரையில் மட்டும் கேட்டது. காய்ந்த பட்டையின் வாசம். வெளியே உடம்பு நடுங்கும் ஈரம், உள்ளே என்னவோ மண்பானைக்குள் இறங்கியது போல ஒரு குளுமை, படுத்தால் எழவே தோன்றாது என்கிற மாதிரி இருந்தது. எனக்கிருந்த அசதியில் அது எவ்வளவு இதமாக இருந்தது என்பது இப்போதும் நினைவிருக்கிறது. பின்கதவு அருகே பெண்கள் படுக்கும் இடம். சிராயைக் கிளறிப் போட்டிருந்தார்கள், சாக்குகளை உதறிப் போட்டிருந்தார்கள். சும்மாடுகள் மட்டும் வைத்தவை வைத்தபடியே இருந்தன. நானும் அவற்றைப் பார்த்தேன், பார்த்துவிட்டுத் தாண்டினேன்.

ஏதோ தோன்ற நிமிர்ந்தேன். பின்கதவுக்கு வெளியே வீராயி நின்றாள்.

நம்பினால் நம்புங்கள், எனக்கு ஆச்சரியமே ஏற்படவில்லை. ஆஸ்பத்திரியில் ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள், வேலைக்கு வந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன், இந்தச் சனங்களுக்கு ஓய்வெடு என்று சொன்னால் கேட்பதே இல்லை என்று ஒரு எரிச்சல்கூட வந்தது. நிலைப்படிக்கு அந்தப் பக்கம், மழையில் நின்றாள். முகவாயை மேலே தூக்கி, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, ஏதோ உயரமான சுவருக்கு அப்பாலிருந்து எட்டிப் பார்ப்பவளைப் போல என்னைப் பார்த்தாள்.

"சார், அடிச்சுப் போட்டது என்னயக் கடிச்சது இல்ல" என்றாள். குரல் மழைச்சத்தத்தில் அமுங்காமல் பக்கத்தில் கேட்டது. "அது என் தலைக்கடியில இருந்துச்சு. அங்கனதான் இன்னும் இருக்கு. தங்கச்சி வந்து எடுத்துருவா சார்."

'உள்ளே வா, வந்து எந்த இடம் என்று காட்டு' என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் ஒரு காலை நிலைப்படிமேல் தூக்கி வைக்கப் போனாள். அவள் முகத்தில் தெரிந்த அசதி எனக்கு இருந்ததைவிடப் பெரிதாக இருந்தது. கடிபட்டவள் ஆஸ்பத்திரியில் படுக்காமல் மழையில் நிற்கிறாளே என்று மனது கேட்கவில்லை.

"நீ போம்மா. ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போ. நான் பார்த்துக்கிறேன்" என்றேன்.

காலை எடுத்துக்கொண்டாள். சரியென்பது போலத் தலையாட்டிவிட்டுச் சுவரோரமாகத் திரும்பிப் போனாள்.

கட்டுகளை இழுக்கிற கொக்கி ஒன்று பக்கத்தில் கிடந்தது. அவளுடைய சும்மாடு எது என்று எனக்குத் தெரியும், முன்பு ஒருமுறை அதை எடுத்துத் திட்டு வாங்கியவன் அல்லவா. கொக்கியால் அதை மெல்லத் தூக்கினேன். துணி வளையத்தின் குழிக்குள் இன்னொரு வளையம் சுருண்டு கிடந்தது. பகல் நேரத்து மந்தத்தில் அசையக்கூட இல்லை. தலையிலிருந்து சற்றுத் தள்ளித் தொடங்கிய மெல்லிய வெள்ளைக் கோடுகள், முதுகு நெடுகப் பெரிய செதில் வரிசை. கிளறிய ஆட்கள் எல்லாவற்றையும் புரட்டியிருக்கிறார்கள், இதை மட்டும் தொடவில்லை, தொடமாட்டார்கள். சாயங்காலம் செல்லம்மா வந்து அக்காவின் சும்மாட்டை எடுத்துத் தன் தலையிலோ மடியிலோ வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பாள்.

அப்போதுதான் இன்னொன்று எனக்கு உறைத்தது. முகவாயைத் தூக்கிப் பாதிக் கண்ணால் பார்த்தாளே, அது பார்வை அல்ல. கட்டுவிரியன் விஷம் ஏறினால் முதலில் கண் இமைகள் விழும், விழுந்த இமைகளுக்குக் கீழே பார்க்க ஆள் தலையை அண்ணாந்துகொள்ளும். நான் படித்திருக்கிறேன், அதுவரை யாரிடமும் பார்த்ததில்லை.

முன்வாசலுக்கு ஓடினேன். "சவரிமுத்து! கட்டுவிரியன்! ஊசியைப் போடச் சொல்லுங்க! கண் இமை விழுதான்னு பார்க்கச் சொல்லுங்க! வீராயி பின்பக்கம்தான் போகுது, அதையும் காரில் ஏத்திக்கிட்டுப் போங்க!"

சவரிமுத்து என்னையே பார்த்தார். "என்ன சார் சொல்றீக? அது ஆஸ்பத்திரில பெஞ்சுலல்ல ஒக்காந்திருக்கு. இப்பத்தான விட்டுட்டு வாரேன்."

"இங்க வந்துச்சுய்யா. இப்ப பேசிட்டுப் போகுது!"

ராவுத்தர் என் முகத்தைப் பார்த்தார், குடையை மடக்கினார், "சவரி, சைக்கிளப் போடு. காருல ஏறு, நானும் வாரேன்" என்றார். கார் போன பிறகு நான் கிடங்கைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய்ப் பார்த்தேன். வேலிவரை யாரும் இல்லை. சேற்றில் தடம் ஏதாவது இருந்ததா என்று கேட்பீர்கள். அந்த மழையில் எந்தத் தடம் நிற்கும்?

கார் போய்ச் சேரும்போதே டாக்டர் தயக்கத்தில் இருந்தாராம், சவரிமுத்து வந்து சொன்னார். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் தலையை அண்ணாந்துகொண்டு, "கண்ணு சொருகுது தாயி" என்று தங்கையிடம் சொல்லியிருக்கிறாள், இமைகள் தொங்கத் தொடங்கியிருந்தன. இன்னும் அது வெறும் அசதியா, பயமா என்று அவரால் முடிவுகட்ட முடியாமல் இருந்த நேரத்தில் என் செய்தி போய்ச் சேர்ந்தது. உடனே ஊசி போட்டார்கள். அன்றிரவு மூச்சு மிகவும் சிரமப்பட்டது என்றார்கள், விடிந்த பிறகு மெல்லத் தெளிந்தது. செல்லம்மா அக்காவின் பக்கத்தைவிட்டு நகரவே இல்லை. ஆகையால் நான் பார்த்தது தங்கையைத்தான் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை, அதையும் யோசித்துப் பார்த்துவிட்டேன்.

இதை நான் யாரிடமும் பெரிதாகப் பேசவில்லை. பேசினால் என்ன விளையும் என்று எனக்குத் தெரியும். கிடங்கில் ஒரு பீடம் எழும்பும், நாளை யாராவது கடிபட்டால் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் அந்தப் பீடத்தின் முன்னால் கொண்டுவந்து கிடத்துவார்கள். அதனால் எனக்கு நானே ஒரு விளக்கம் கட்டிக்கொண்டேன். இரவெல்லாம் தூங்காத மூளை. 'தூக்கமாக வருகிறது' என்று சவரிமுத்து சொன்ன சொல், கலைக்கப்படாமல் கிடந்த சும்மாடு, இரண்டையும் உள்மனம் சேர்த்துப் பார்த்து, ஒரு உருவத்தை முன்னால் நிறுத்தி எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. நல்ல விளக்கம்தான். வீராயி திரும்பி வேலைக்கு வரும்வரை அது நன்றாகவே நின்றது.

கார்த்திகை முடிகிற சமயத்தில் வந்தாள். மெலிந்திருந்தாள், கையில் புதுச் சும்மாடு. மற்றவர்கள் கேலி பேசிக் கலகலத்து அடங்கிய பிறகு, நான் தொட்டி ஓரத்தில் தனியாக நிற்கும்போது வந்தாள்.

"சார், ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு ஏன் சார் என்னயப் போ போன்னு வெரட்டுனீக?"

"என்னைக்கு?"

"கடிச்ச அன்னைக்குத்தான். நான் பின்வாசல்ல வந்து நின்னேன்ல? 'திரும்பிப் போ, நான் பாத்துக்கிறேன்'னீகளே."

அந்தச் சொற்களை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவள் வந்து பேசினாள் என்று கத்தினேனே தவிர, நான் அவளிடம் என்ன சொன்னேன் என்று சவரிமுத்துவுக்கோ ராவுத்தருக்கோ தெரியாது.

"நீ ஆஸ்பத்திரியில இருந்தியேம்மா" என்றேன்.

"ஆமா, அங்கயும்தான் இருந்தேன்" என்றாள், அது ஒரு பெரிய விஷயமில்லை என்பதுபோல. "எனக்கு உள்ள வரணும்போல இருந்துச்சு சார். உள்ள நல்லாக் குளுகுளுன்னு தெரிஞ்சுச்சு. ஒடம்பெல்லாம் ஒரே அசதி. போயிப் படுத்துட்டாப் போதும், பெறகு எந்திரிக்கவே வேணாம்னு இருந்துச்சு. நீங்க உள்ள இருந்தீக, நீங்க வான்னு ஒரு வார்த்த சொன்னா வந்துருவோம்னுதான் காலத் தூக்குனேன். நீங்க வெரட்டிப்புட்டீக." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "கோவந்தான் வந்துச்சு ஒங்க மேல" என்று சிரித்தாள்.

பிறகு சும்மாட்டைத் தலையில் வைத்துக்கொண்டு கட்டுத் தூக்கப் போய்விட்டாள். அதற்கப்புறம் நாங்கள் இதைப் பற்றிப் பேசியதே இல்லை. சில வருடங்களில் நான் அந்த வேலையை விட்டேன். அவள் பேரன் பேத்தி எடுத்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன்.

இதற்கு நீங்கள் என்ன விளக்கம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு வருத்தமில்லை. என்னால் முடிந்ததையெல்லாம் வைத்துப் பார்த்து நான் களைத்துவிட்டேன். பாம்பு எது, விஷம் எது என்பதை எத்தனையோ முறை எடைபோட்டுச் சொன்னவன் நான். அன்று நாக்கு நுனியில் நின்ற அந்த 'உள்ளே வா' என்ற சொல்லை மட்டும் நான் எடைபோடவே இல்லை. கடிபட்டவள் ஆஸ்பத்திரியில் இல்லாமல் இங்கே வந்து நிற்கிறாளே என்ற பரிதாபம் ஒரு கணம் பிந்தியிருந்தால் சொல்லியிருப்பேன், யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

என் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு என்மேல் ஒரு குறை உண்டு. வாசலில் வந்து நிற்பவர்களை நான் உள்ளிருந்தபடி கூப்பிடுவதில்லை. எழுந்து வெளியே போய், அவர்கள் பக்கத்தில் நின்று, முகத்தைப் பார்த்து, கையைப் பிடித்துத்தான் அழைத்து வருவேன். இந்த வயதில் எதற்கு இவ்வளவு மரியாதை என்று சொல்கிறார்கள். மழை நாளில் யாராவது வந்து, முகவாயைச் சற்று உயர்த்தி உள்ளே பார்த்தபடி நின்றுவிட்டால் மட்டும், எழுந்து வெளியே போகும் அந்த நாலைந்து அடிக்குள் எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிடுகிறது.